எட்டயபுரத்து வீடும் அதன் கூரையும்

2025 மார்ச் மாதம் எட்டயபுரத்தில் பாரதியார் பிறந்த வீட்டின் மேற்கூரையில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. செய்தி வந்த அன்று எங்கள் பக்கத்தில் பலருக்கும் மனம் பொறுக்கவில்லை. தொலைபேசியில் அழைத்த நண்பர்கள் எல்லோரும் முதலில் கேட்டது ஒன்றைத்தான்: உள்ளே இருக்கும் சிலைக்கும் படங்களுக்கும் ஒன்றும் ஆகவில்லையே? அக்கறையோடு கேட்ட கேள்விதான். ஆனாலும் அது என்னை உறுத்தியது. படம் கிழிந்தால் இன்னொரு படம் அச்சிட்டு மாட்டலாம். சிலை உடைந்தால் அதே வார்ப்பில் வேறொன்று செய்யலாம். 1882-இல் ஒரு குழந்தை மல்லாந்து படுத்தபடி பார்த்த கூரையை எங்கே போய் வாங்குவது?

அந்த வீட்டுக்குள் இருக்கும் பொருள்களிலேயே மூத்தது அந்த வீடுதான். நினைவில்லம் என்று நாம் பெயர் வைத்த நாளிலிருந்து, சுவரில் மாட்டியதைப் பார்க்கிறோம், சுவரைப் பார்ப்பதில்லை. கூரை விழுந்ததால் இப்போது அண்ணாந்து பார்க்கிறோம். அப்படிப் பார்த்தால் என்ன தெரியும் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கூரையிலிருந்தே தொடங்குகிறேன்.

திருநெல்வேலிச் சீமையின் பழைய காரை வீடுகளில் மேல்தளம் போடுவதற்கு இரும்புக் கம்பியும் கிடையாது, சிமெண்டும் கிடையாது. பொறியாளர்கள் இந்தத் தளத்தை மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். பொதுவழக்கில் மட்டப்பா, எங்கள் ஊர்ப்பக்கம் அந்த மொட்டைமாடிக்குத் தட்டட்டி என்று பெயர். முதலில் சுவருக்குச் சுவர் பெரிய உத்தரங்களை ஏற்றுவார்கள். அவற்றின் மேல் ஒரு முழத்துக்கும் குறைவான இடைவெளியில் சிறிய கட்டைகளை வரிசையாக அடுக்குவார்கள். வசதியுள்ள வீட்டில் தேக்கு. இல்லாத வீட்டில் வைரம் பாய்ந்த பனை. முற்றிய பனையைக் கறையான் எளிதில் தொடாது. பனங்காடு நிறைந்த இந்தச் சீமையில் அது கைக்கு எட்டிய மரமும்கூட. கட்டைகளுக்கு மேல்தான் வேலையின் சூட்சுமம் இருக்கிறது. ஓர் அங்குலக் கனமே உள்ள மெல்லிய சிறு செங்கற்களைப் படுக்கையாக வைக்காமல் நெட்டுக்குத்தாக நிறுத்துவார்கள். அதையும் கட்டைகளுக்கு நேராக வைக்காமல் மூலைவாட்டில், சாய்கோடாக வைத்துக்கொண்டே போவார்கள். அறையின் ஒரு மூலையில் முதல் கல். அதன் முதுகில் சுண்ணாம்புச் சாந்தைத் தடவி அடுத்த கல். அது ஒட்டிப் பிடித்ததும் அதற்கடுத்தது. கீழே பலகையோ முட்டோ கிடையாது. முந்தைய கல்லும் சாந்தும் தாங்கும் தெம்பில்தான் அடுத்த கல் அந்தரத்தில் நிற்கும். கல் முழுவதும் பரவி முடிந்தபின் அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையை நாலு விரற்கடை உயரத்துக்கு இட்டு, இறுக அடித்து, அதன் மேல் தட்டையான ஓடுகளைப் பதித்து முடிப்பார்கள்.

நான் பத்து வயதில் அந்த அடியைப் பார்த்திருக்கிறேன். தாமிரபரணிக் கரையில் ஒரு சிற்றூரில் எங்கள் தாத்தாவின் வீட்டுக்கு ஒரு கோடை விடுமுறையில் தட்டட்டியைப் புதுப்பித்தார்கள். பெண்கள் இரண்டு வரிசையாகக் குத்த வைத்து உட்கார்ந்து, கையகலக் கட்டைகளால் ஒரே தாளத்தில் காரையை அடித்துக்கொண்டே பின்னோக்கி நகர்ந்தார்கள். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரை ஒருவர் தெளித்துக்கொண்டே வந்தார். வீடு முழுவதும் புளித்த கருப்பட்டி வாசம். எவ்வளவு நாள் அடிக்க வேண்டும் என்று கொத்தனாரிடம் கேட்டேன். அவர் என் கையில் ஒரு கட்டையைக் கொடுத்து ஓங்கி அடிக்கச் சொன்னார். கட்டை சற்றே புதைந்தது. இது துள்ளித் திரும்ப வேண்டும், அதுவரை அடிக்க வேண்டும் என்றார். ஒரு வாரம் ஆயிற்று. கடைசி நாளில் மறுபடி என்னைக் கூப்பிட்டு அடிக்கச் சொன்னார். கட்டை உள்ளங்கையைச் சுடும்படி எகிறித் திரும்பியது. அந்த ஓசைகூட மாறிப்போயிருந்தது. கல்லில் அடித்தது போல இருந்தது.

அப்படி அடித்துச் செய்த கூரை ஏன் விழுகிறது? பெரும்பாலும் அது மேலிருந்து கெடுவதில்லை, ஓரத்திலிருந்து கெடும். கட்டையின் முனை சுவருக்குள் புதைந்திருக்கிறது அல்லவா, அதுதான் அதன் உயிர்நிலை. தட்டட்டியில் தண்ணீர் போகும் தூம்பு அடைத்துக்கொண்டால் ஐப்பசி, கார்த்திகை மழை சுவரோரம் தேங்கும். ஈரம் சுவருக்குள் இறங்கிக் கட்டையின் முனையை உளுக்கச் செய்யும். கீழே நின்று பார்ப்பவருக்குக் கட்டை வழவழப்பாக, வர்ணம் பூசியபடி நன்றாகவே தெரியும். சுவருக்குள் இருக்கும் அரை அடி மட்டும் பொடியாகியிருக்கும். பிறகு ஒரு நாள் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அப்படியே இறங்கிவிடும்.

இரண்டாவது காரணம் நம் காலத்தில் வந்தது. ஒழுகுகிறது என்றதும் சிமெண்டைக் குழைத்து மேலே பூசிவிடுகிறோம். சுண்ணாம்புக் காரை ஈரத்தை வாங்கும், வெயில் வந்ததும் விட்டுவிடும். சிமெண்டுப் பூச்சு அந்த வழியை அடைத்துவிடுகிறது. உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் கட்டையைத் தேடிப் போகிறது. போதாததற்குச் சிமெண்டின் மேல் இன்னொரு அடுக்குத் தளக்கல் பதித்தால் பாரமும் ஏறுகிறது. ஒழுகாமல் இருக்கச் செய்த வேலையே கூரையை மெல்ல மெல்லத் தின்கிறது. திருநெல்வேலிப் பக்கம் எத்தனையோ நல்ல வீடுகள் இப்படிப் போயிருக்கின்றன. எங்கள் தாத்தா வீட்டின் பின்கட்டும் இப்படித்தான் போயிற்று.

மூன்றாவது காரணம் மண். எட்டயபுரம் கோவில்பட்டிக்குக் கிழக்கே சுமார் 15 கிலோமீட்டரில், அசல் கரிசல் காட்டின் நடுவில் இருக்கிறது. 1986 அக்டோபரில் மாவட்டம் பிரிந்ததிலிருந்து தூத்துக்குடிக் கணக்கில் சேர்ந்த ஊர். பாரதியார் பிறந்தபோது திருநெல்வேலி ஜில்லா. கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கிக் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அதன் மேல் நிற்கும் வீடு ஆண்டுதோறும் மூச்சு விடுவது போல ஏறி இறங்கும். சுண்ணாம்புச் சாந்து மெதுவாக இறுகுவது. சிறு அசைவுக்கு வளைந்து கொடுக்கும், மயிரிழை விரிசல் விட்டாலும் ஈரம் பட்டுத் தானே கூடிக்கொள்ளும். சிமெண்டு வளையாது, வெடிக்கும். இதைக் கரிசல்காட்டுக் கொத்தனார்கள் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அந்த மண்ணிலேயே கிடைக்கும் சுக்கான் கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்து, அந்த மண்ணின் மேலேயே வீடு கட்டிய பழக்கத்தில் வந்த அறிவு அது. கடலோர ஊர்களில் கிளிஞ்சல் சுண்ணாம்பு, உள்நாட்டில் சுக்கான். பூச்சின் நிறத்தையும் நயத்தையும் பார்த்தே எந்தச் சுண்ணாம்பு என்று சொல்லும் பெரியவர்கள் இருந்தார்கள்.

இனி வாசலுக்கு வருவோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தச் சீமையில் கட்டப்பட்ட அக்கிரகாரத்து வீடுகளுக்கும், சைவ வேளாளர் வளவு வீடுகளுக்கும், ஜமீன் உத்தியோகஸ்தர் வீடுகளுக்கும் அளவும் அலங்காரமும் வேறுவேறாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான். தெருப்பக்கம் அகலம் குறைவு. உள்ளே நீளம் அதிகம். இரண்டு பக்கச் சுவர்களும் அண்டை வீட்டோடு ஒட்டியிருக்கும். அதனால் பக்கவாட்டில் ஜன்னல் வைக்க வழியில்லை. வெளிச்சமும் காற்றும் வானத்திலிருந்து நேராக இறங்கினால்தான் உண்டு. முற்றம் வந்தது அப்படித்தான். அதைச் சிலர் அழகுக்காக வைத்தது போலப் பேசுகிறார்கள். அது அந்த வீட்டின் நுரையீரல். பகலில் சூடான காற்று முற்றம் வழியாக மேலேறும். அந்த இடத்துக்கு வாசலிலிருந்தும் புறவாசலிலிருந்தும் காற்று இழுபடும். வாசல், நடை, முற்றம், இரண்டாம் கட்டு, புறவாசல் எல்லாம் ஒரே நேர்கோட்டில் அமைந்திருப்பதன் பயன் இது. தெருவில் நின்று பார்த்தால் புறவாசல் முருங்கை தெரியும்.

தெருவை ஒட்டித் திண்ணை. அதைத் தாண்டினால் நடை. பிராமணர் வீட்டில் ரேழி என்பார்கள். அப்புறம் பட்டாசல் அல்லது கூடம். திருநெல்வேலி நகரத்து வீடுகளில் தார்சா என்று ஓர் இடம் உண்டு. வீட்டுக்குள்ளும் இல்லாமல் தெருவிலும் இல்லாமல், வருகிறவர் உட்கார்ந்து பேசிப் போக ஏற்ற இடம். அதற்கும் உள்ளே அடுக்களையும் பாத்திரம் கழுவும் அங்கணமும். கடைசியில் கிணறும் புறவாசலும்.

இந்த வரிசையை நாம் கட்டடக்கலை என்று சொல்லிப் பாராட்டுகிறோம். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அதே வரிசை யார் எதுவரை வரலாம் என்று எழுதிவைத்த சட்டமும் ஆகும். திண்ணை வரை வரலாம் என்று சிலருக்கு; நடை வரை என்று சிலருக்கு; தெருவிலேயே நிற்க வேண்டும் என்று பலருக்கு; பின்புறச் சந்து வழியாக மட்டுமே வந்து கழிவை அள்ளிச் செல்ல வேண்டும் என்று சிலருக்கு. வீட்டுப் பெண்களுக்கும் அதே சட்டம் தலைகீழாக இருந்தது: இரண்டாம் கட்டு அவர்கள் உலகம், திண்ணை அவர்களுக்கு இல்லை. சாதி இல்லை என்று பாப்பாவுக்குச் சொன்ன ஒருவர், புதுச்சேரியில் ஒரு தலித் இளைஞருக்குத் தம் கையால் பூணூல் அணிவித்த ஒருவர், இப்படி வாசலுக்கு வாசல் மனிதர்களை நிறுத்திய வீடுகளின் தெருவில் நடை பழகினார். எட்டயபுரத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வருகிற ஆசிரியர் ஒருவர் இந்த ஒன்றை வாசற்படியில் நிறுத்தி விளக்கினாலே போதும்; பாரதியார் எதை உடைத்தார் என்று அந்தப் பிள்ளைகளுக்குக் கண்ணால் தெரிந்துவிடும். சுவரில் எழுதி ஒட்டிய பலகை அந்த வேலையைச் செய்யாது.

ஒரு சிற்றூரில் இத்தகைய வீடுகள் எழுந்ததற்கு இரண்டு ஆதாரங்கள் இருந்தன. ஒன்று அரண்மனை, இன்னொன்று பருத்தி.

கட்டபொம்மன் 1799-இல் தூக்கிலிடப்பட்டு, இரண்டு ஆண்டுகளில் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையும் தரைமட்டமான பிறகு, கும்பினியின், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின், பக்கம் நின்ற எட்டயபுரம் தழைத்தது. பாளையம் ஜமீனாயிற்று. அந்தப் பழி இன்றும் ஊர்ப்பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் அதே அரண்மனைதான் சங்கீதத்துக்கும் தமிழுக்கும் நிழல் கொடுத்தது. முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் இங்கேதான் காலமானார். அவருடைய சமாதி இங்கே இருக்கிறது. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் அடக்கத்தலமும் இதே ஊரில்தான். சுப்பராம தீட்சிதர் தொகுத்த இசைப் பெருநூல் 1904-இல் இந்த ஊர் அச்சுக்கூடத்திலேயே அச்சானது. அரண்மனையை நம்பிப் புலவர்களும் வித்துவான்களும் கணக்கர்களும் குடியேறினார்கள். அவர்களுக்கு வீடுகள் எழுந்தன. பாரதியாரின் தந்தை சின்னசாமி ஐயர் அப்படி அரண்மனையோடு தொடர்புகொண்ட ஒருவர். அவர்களுடைய பூர்வீகம் தாமிரபரணிக் கரைச் சீவலப்பேரி. தாய் லட்சுமி அம்மாள். 1882 டிசம்பர் 11-இல் சுப்பையா பிறந்தார். ஐந்து வயதில் தாயை இழந்தார். பதினொரு வயதில் இதே ஊர்ச் சபையில் பாரதி என்ற பட்டம் பெற்றார்.

பருத்தியின் கதை இன்னும் பெரியது. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது அங்கிருந்து இங்கிலாந்து ஆலைகளுக்குப் பஞ்சு போவது நின்றது. கரிசல் பருத்திக்கு ஒரேயடியாக விலை ஏறியது. திருநெல்வேலிப் பருத்தி என்பது உலகச் சந்தையில் ஒரு ரகத்தின் பெயராகவே நிலைத்தது. 1876-இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. 1880-களில் ஹார்வி சகோதரர்களின் நூற்பாலைகள் பாபநாசத்திலும் தூத்துக்குடியிலும் எழுந்தன. இந்தக் காலத்தில்தான் இங்குள்ள வீடுகளும் மாறின. மர உத்தரம் இருந்த இடத்தில் இரும்பு உத்தரம் வந்தது. கழித்துப்போட்ட தண்டவாளத்தையே உத்தரமாக ஏற்றிய வீடுகளும் உண்டு. நாட்டு ஓட்டுக்குப் பதிலாக மங்களூர் ஓடு. அதை 1865-இல் மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் செய்யத் தொடங்கினார்கள். கொக்கிபோல ஒன்றோடொன்று பூட்டிக்கொள்வதால் பாதி ஓட்டில் கூரை முடிந்தது. வண்ணக் கண்ணாடி, வார்ப்பிரும்புக் கிராதி, பர்மாத் தேக்கு எல்லாம் கப்பலில் வந்தன.

எங்கள் தாத்தா வீட்டுப் பட்டாசலில் ஓர் இரும்பு உத்தரம் இருந்தது. நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தால் அதன் பக்கவாட்டில் ஆங்கில எழுத்துகள் புடைப்பாகத் தெரியும். சுண்ணாம்பு அடித்து அடித்து மங்கியிருந்த அந்த எழுத்துகளை விரலால் சுரண்டிப் படித்தோம். டார்மன் லாங் என்று இருந்தது. இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோவில் உருக்கிய இரும்பு. எங்கள் பக்கத்துப் பருத்தி போன கப்பல்வழியே அந்த இரும்பு திரும்பி வந்து, எங்கள் வீட்டுத் தலைக்கு மேல் உட்கார்ந்திருந்தது. காலனி ஆட்சியின் பொருளாதாரத்தை எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது எந்தப் பாடநூலும் அல்ல, அந்த உத்தரம்தான்.

சின்னசாமி ஐயரும் அந்தப் பருத்தி அலையில் இறங்கியவர். எந்திர நுட்பத்தில் ஆர்வம் கொண்டவர். எட்டயபுரத்தில் பஞ்சாலை ஒன்று தொடங்கினார். வெள்ளைக்காரக் கம்பெனிகளின் போட்டிக்கு முன் அது தாக்குப்பிடிக்கவில்லை. முதல் போனது, மனம் உடைந்தார், 1898-இல் காலமானார். அப்போது பாரதியாருக்குப் பதினாறு வயதுகூட நிரம்பவில்லை. திருமணம் மட்டும் முடிந்திருந்தது. தந்தையின் வறுமையைத் தம் சுயசரிதைக் கவிதையில் அவரே பாடியிருக்கிறார். அதன் பிறகு காசிக்குப் போனார்; திரும்பி வந்து சில காலம் அரண்மனை வேலை; 1904-இல் மதுரை, அங்கிருந்து சென்னை. 1919-இல் புதுச்சேரி வாசம் முடிந்து கடையத்தில் வறுமையில் இருந்தபோது எட்டயபுரம் ராஜாவுக்கு உதவி கேட்டுச் சீட்டுக்கவி, அதாவது கவிதையிலேயே ஒரு கடிதம், எழுதி அனுப்பினார். பலன் இல்லை. பிறந்த வீட்டைத் தவிரப் பிறகு அவர் வாழ்ந்தவை பெரும்பாலும் வாடகை வீடுகள்தாம். அவற்றுள் புதுச்சேரி வீடும் திருவல்லிக்கேணி வீடும் இன்று நினைவிடங்கள்.

எட்டயபுரத்தில் பாரதியாருக்கு நினைவுச் சின்னம் எழுந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் வந்தது வீடு அல்ல, மணிமண்டபம். எழுத்தாளர் கல்கி தம் பத்திரிகை வழியாக மக்களிடம் நிதி திரட்டினார். 1945-இல் ராஜாஜி அடிக்கல் நாட்டினார். நாடு விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டிலேயே மண்டபம் திறக்கப்பட்டது. ஒரு கவிஞனுக்காக நாலணா எட்டணா என்று ஏழைகளும் கொடுத்துக் கட்டிய மண்டபம் அது. அதன் பெருமையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பிறந்த வீடு அரசு நினைவில்லமானது 1973-இல்தான். மண்டபத்துக்கும் வீட்டுக்கும் நடுவே கால் நூற்றாண்டு இடைவெளி. பெரியவர்களுக்கு மரியாதை செய்ய வேண்டுமென்றால் புதிதாக ஒன்றைக் கட்ட வேண்டும் என்பதே நம் முதல் எண்ணமாக இருந்தது. இருக்கிற பழைய சுவரைக் காப்பாற்றுவதும் மரியாதைதான் என்ற எண்ணம் மெதுவாகத்தான் வந்தது. இன்னும் முழுதாக வரவில்லை.

பாஞ்சாலங்குறிச்சியில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். அங்கே பழைய கோட்டையைக் கும்பினியார் 1801-இல் இடித்து உழுதுபோட்டார்கள். அடித்தளம் மட்டும் மண்ணுக்குள் கிடந்தது. 1974-இல் அரசு நினைவுக் கோட்டை ஒன்றைப் புதிதாகக் கட்டியது. அங்கே வேறு வழி இல்லை, இல்லாததை எழுப்பினார்கள். சுற்றுலா பஸ்ஸில் வரும் குடும்பங்கள் புதிய கோட்டையில் நின்று படம் எடுத்துக்கொள்கின்றன. பழைய அடித்தளத்தின் பக்கம் போகிறவர்கள் குறைவு. எட்டயபுரத்திலோ அசல் வீடே நிற்கிறது. புதிதாகக் கட்டியதற்குரிய கண்ணோட்டத்தோடு அதையும் பராமரித்தால் அது நாளடைவில் பாரதியார் வீட்டின் மாதிரியாகிவிடும், பாரதியார் வீடாக இருக்காது.

இதே சீமையில் வேறொரு வகை வீடும் நினைவில்லமாகியிருக்கிறது. தெற்கே, தேரி மணல் தொடங்கும் இடத்தில், இடையன்குடியில் மிஷனரி கால்டுவெல் வாழ்ந்த வீடு. 1841-இல் அந்த ஊருக்கு வந்தவர், ஏறக்குறைய அரை நூற்றாண்டு இந்தச் சீமையிலேயே வாழ்ந்தார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை அவர் வெளியிட்டது 1856-இல். மனைவி எலைசா நாகர்கோவிலில் ஊழியம் செய்த மால்ட் தம்பதியரின் மகள். தமிழ் அவருக்குப் பிறந்ததிலிருந்தே வாய்த்த பேச்சு. பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியும் லேஸ் பின்னலும் கற்றுக்கொடுத்தவர். 1847-இல் கடைக்கால் போட்ட திரித்துவ ஆலயத்தை 1880-இல்தான் முடித்தார்கள். முப்பத்து மூன்று ஆண்டுகள். கால்டுவெல்லின் கல்லறையும் அந்த ஆலயத்துக்குள்தான்.

அக்கிரகாரத்து வீட்டையும் மிஷன் பங்களாவையும் அடுத்தடுத்த நாளில் போய்ப் பாருங்கள் என்று என்னிடம் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்வேன். ஒன்று தெருவோடு தோள் உரசி நிற்பது. மற்றது, பொதுவாக எல்லா மிஷன் பங்களாக்களையும் போல, தெருவை விட்டு விலகி மதில் சூழ்ந்த வளாகத்துக்குள் தனித்து நிற்பது. ஒன்றில் வெளிச்சம் நடுவிலிருந்து, முற்றத்தின் வழியாக வரும். மற்றதில் வெளிச்சம் சுற்றிலுமிருந்து, தாழ்வாரத்தின் வழியாக வடிகட்டி வரும். ஒன்று குடும்பத்தை நடுவில் வைத்து அண்டை வீட்டாரோடு சுவரைப் பங்குபோட்டுக்கொள்வது. மற்றது நான்கு பக்கமும் கண் வைத்துப் பார்க்க வசதியானது. இரண்டுமே அதே சுண்ணாம்பு, அதே பனங்கட்டை, அதே கொத்தனார்கள். ஆள்பவன் நிற்கும் இடமும் ஆளப்படுபவன் நிற்கும் இடமும் மட்டும் வேறு. அந்தத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து தமிழின் தனித்தன்மையை உலகுக்குச் சொன்னவரும், எட்டயபுரத்துக் கூடத்தில் பிறந்து அந்தத் தமிழைப் புதிதாக்கியவரும் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுக் காலம் ஒரே ஜில்லாவில் வாழ்ந்திருக்கிறார்கள். 1891-இல் கால்டுவெல் கொடைக்கானலில் இறந்தபோது சுப்பையாவுக்கு எட்டு வயது முடிந்திருந்தது.

எட்டயபுரத்து வீட்டுக்குள் ஒரு குறை எனக்கு எப்போதும் படும். பாரதியார் பிறந்த இடம் என்று காட்டும் இடத்தில் சிலை இருக்கிறது, படங்கள் இருக்கின்றன, கையெழுத்துப் படிகள் இருக்கின்றன. லட்சுமி அம்மாள் எங்கே? அந்தப் பிறப்பில் பாதிப் பங்கு அவருடையது. ஐந்தாண்டில் அந்தக் குழந்தையை விட்டுப் போனவர். அடுப்பு எரிந்த இடம், உரல் கிடந்த இடம், விளக்கு வைத்த மாடம், தண்ணீர் இறைத்த கிணறு, இவையெல்லாம் எங்கே எங்கே இருந்திருக்கும் என்று ஒரு வரைபடம் வாசலில் இருந்தால்கூட வருகிறவர்கள் வீட்டை வேறு மாதிரி நடந்து பார்ப்பார்கள். இப்போது எல்லோரும் நேராகச் சிலைக்குப் போய், கும்பிட்டு, படம் எடுத்து, திரும்பிவிடுகிறார்கள். கோயிலுக்குப் போவது போல. ஒரு வீட்டுக்குப் போவது போல அல்ல.

நினைவில்லங்களைப் பராமரிப்பது தமிழ்நாட்டில் செய்தி மக்கள் தொடர்புத் துறை. கட்டட வேலை பொதுப்பணித் துறை. தொல்லியல் துறையின் பாதுகாப்புச் சின்னங்களின் வரிசை வேறு. ஒரு வீட்டை நினைவில்லம் என்ற வரிசையில் வைக்கும்போது, வரும் மக்களுக்கு வசதி, சுத்தம், வர்ணம், படங்கள் ஆகியவை முதலிடம் பெறுகின்றன. தொல்பொருளாகப் பார்த்தால் சாந்து, மரம், செங்கல் ஆகியவை முதலிடம் பெறும். எட்டயபுரத்து வீட்டுக்கு இரண்டும் வேண்டும். இரண்டாவது பார்வை இல்லாவிட்டால் முதலாவது நிலைக்காது என்பதைக் கூரை சொல்லிவிட்டது.

பழைய முறைப்படி ஒரு கூரையைச் சரிசெய்வது முடியாத காரியம் அல்ல. பொதுப்பணித் துறையிலேயே பாரம்பரியக் கட்டடங்களுக்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. உளுத்த கட்டைகளை மட்டும் ஒவ்வொன்றாக மாற்றலாம். முழுவதையும் பிரித்துப் போட வேண்டியதில்லை. சுண்ணாம்பை வாரக்கணக்கில் ஊறவைத்துப் பக்குவப்படுத்த வேண்டும். அவசரத்துக்கு அது வராது. சுவர் முனையில் கட்டைக்குக் காற்றோட்டம் விட வேண்டும். தூம்பு ஆண்டுக்கு இரண்டு முறை, ஆடியிலும் புரட்டாசியிலும் தூர்வாரிவிட வேண்டும். செலவைவிட இதற்குத் தேவைப்படுவது பொறுமையும், வேலை தெரிந்த கைகளும். அந்தக் கைகள் குறைந்துவருகின்றன என்பதுதான் என் பெரிய கவலை. மூலைவாட்டில் செங்கல் நிறுத்தத் தெரிந்த கொத்தனார் ஒருவர் கிடைத்தால் அவரோடு பத்துப் பிள்ளைகளைச் சேர்த்து அந்தக் கூரையின் மேல் ஏற்ற வேண்டும். வேலையும் முடியும், வித்தையும் தங்கும்.

இன்னொன்றும் செய்யலாம். விழுந்த இடிபாட்டை லாரியில் அள்ளிக் கொட்டும்போது அதிலிருந்து நாலைந்து செங்கற்களையாவது எடுத்துவைக்க வேண்டும். முதுகில் பழைய சாந்து ஒட்டியபடியே, துடைக்காமல், ஒன்றை அந்த வீட்டிலேயே கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். சிலைக்குப் பக்கத்திலேயே வைக்கலாம். ஓர் அங்குலக் கனம், கையில் எடுத்தால் ஒரு குழந்தைக்கும் பாரமாக இராது. அடியில் எழுத வேண்டியது இவ்வளவுதான்: இந்தக் கல் 1882 டிசம்பர் 11 அன்று இந்த அறையின் மேலே இருந்தது.